வெள்ளம், தட்டான்

பாலக்காட்டுத் தோல் டாக்டர்
என் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வெள்ளம் தட்டான் பாடில்ல."
தண்ணீர் படக்கூடாதாம்.
எனக்கா புரியாது?
வேலந்தாவளத்தில் லாரி எடைபோட்டு
ரெண்டு மொழியிலும் ரசீது எழுதுகிறவள்.
ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில்
காது அதைத் தமிழாகக் கழற்றிப் போட்டது.
வெள்ளம். தட்டான். பாடவில்லை.
கரை புரண்ட ஓர் ஆறும்
வாய் திறக்காத ஒரு பூச்சியும்
என் களிம்புச் சீட்டுக்குள் எப்படி வந்தன?

உள்ளங்காலில் ஜவ்வரிசி,
தோலுக்கு அடியில், வேகாமல்.
ராத்திரி ரெண்டு மணிக்கு அது முழித்துக்கொள்ளும்.
கட்டிலின் இரும்புக் காலில்
என் காலைத் தேய்த்துத் தேய்த்து
ஒன்று உடையும், நீர் வரும்.
வெளியிலிருந்து ஒரு சொட்டு ஆகாத கால்
உள்ளுக்குள் ஊற்றெடுக்கிறதே டாக்டர் என்று
கேட்டிருக்கலாம்.
அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்
கோரையாற்றுத் தடுப்பணையில் நீந்துவேன்.
முப்பத்தாறு வருஷமாக.
கல்யாணத்துக்கு மறுநாள்கூட ஞாயிறுதான்.
இதை விடு என்று ஒரு களிம்பு சொல்ல முடியாது.

முதலில் பேக்கரி ரொட்டிக் கவர், ரெண்டு ரப்பர் பேண்டு.
உள்ளே மாட்டிய காற்று காலை மேலே தூக்க
மூக்கு வழியாக ஆற்றைக் குடித்தேன்.
பிறகு கோழிப்பண்ணை கம்பூட்ஸ்.
அது காலுக்கொரு குடம் மொண்டுகொண்டு
நேராக அடிமணலுக்குப் போனது.
சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி
இறுக்கிக் கட்டிய வாரம்
தண்ணீர் வரவில்லை,
ரத்தமும் வரவில்லை,
பெருவிரல் நாவல்பழம்.

நான் பார்த்த செக்போஸ்ட்டுகளில்
என் கணுக்காலைப்போல் ஏமாந்தது எதுவுமில்லை.
எம்-சாண்டுக்குப் பாஸ் வேண்டும்,
வைக்கோலுக்குக்கூட ஒரு சீட்டு வேண்டும்.
தண்ணீர் மடிப்பு வழியாகப் போய்
விரலிடுக்கில் குடிவைத்துவிடுகிறது.

டிராக்டர் டியூபை உருட்டிக்கொண்டு வந்தவள் ரெஜினாள்.
நீந்தத் தெரியாதவள், ஆனால் யோசனை அவளுடையது.
"மல்லாந்துக்க பவுலீனா.
காலு ரெண்டும் டியூப்பு மேல சொகமா வரட்டும்,
நீ கையால தள்ளிக்கிட்டே போ."

போனேன்.
பின்மண்டை முன்னால், வானம் நேர் எதிரே,
வெள்ளை சாக்ஸ் போட்ட ரெண்டு விருந்தாளிகள்
கடைசியில்.
அக்கரையில் எருமை கழுவிய ஆறுச்சாமி
"பொணம் போகுதுடோய்" என்று கத்தினார்.
இல்லை என்று கையை ஆட்டினேன்.
இன்னும் பெரிதாகக் கத்தினார்.

ஆறு அகலமாகிற இடத்தில்
ஒரு தட்டான் வந்து வலது கட்டைவிரலில் உட்கார்ந்தது.
அந்த நேரம் அந்த ஆற்றில்
காய்ந்திருந்த ஒரே மேடு அதுதான்போல.
அசையாமல் கிடந்தேன்.
பாடவில்லை.

அப்புறம் கணவாய்க் காற்று திரும்பி
முதல் சொட்டு நெற்றியில்.
இத்தனை நாளும் கீழேயிருந்து வருவதை
மட்டுமே காவல் காத்திருக்கிறேன்.

ரெஜினாள் இறங்கினாள்.
பூசைக்குக் கட்டிய சேலை,
முழங்கால், தொடை, இடுப்பு.
குடையை விரித்தாள்,
தன் தலைக்கு இல்லை,
என் தலைக்கும் இல்லை.
நான் பின்னோக்கித் துழாவ
அவள் பக்கத்தில் நடந்து வந்தாள்.
ரெண்டு பெண்கள் முழுக்க நனைய
ரெண்டு கால்கள் குடைக்குள்
வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்தன.

புதன்கிழமை டாக்டர் கேட்டார்: "வெள்ளம் தட்டியோ?"
வெள்ளமெல்லாம் வரலைங்க டாக்டர்,
தட்டான்தான் வந்தது என்றேன்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
இடதில் பதினொன்று, வலதில் ஆறு,
களிம்பை மாற்றி எழுதினார்.

ரெஜினாளுக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை.